எழுபதுக்கு அறுபத்தேழு எடுத்த ஐந்து சதம்

அன்று காலையிலேயே இராசேஸ்வரி செம்பைப் பழப்புளி போட்டு மினுக்கி, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்க வைத்திருந்தாள். வரப்போகிறவர் அப்துல் றசாக் நானா. அவருக்குத் தண்ணீர் கொடுக்கிற செம்பு கறுத்துக் கிடக்கலாமா? அதுவும் இன்றைக்கு! அடம்பனில் புதிதாகக் கட்டி, சுவரில் சீமெந்துப் பூச்சு இன்னும் பாதிக்குமேல் ஏறாத அந்த வீட்டுத்திட்ட வீட்டில் இன்றைக்கு ஒரு காசு கைமாறப் போகிறது. காசென்றால் சும்மா காசில்லை. விக்ரோறியா மகாராணியின் தலை போட்ட, ஆயிரத்து எண்ணூற்று எழுபதாம் ஆண்டுச் செப்புக்காசு. அடித்த காலத்தில் ஐந்து சதத்துக்குப் போயிருக்கும். இப்போது அதை வாங்குவதற்காக நானாட்டானிலிருந்து ஒருவன் தன் மோட்டார் சைக்கிளையே விற்றுவிட்டு வருகிறான் என்று கேள்வி.

அந்தக் காசு இந்த வீட்டுக்கு வந்த கதையைச் சொல்வதென்றால் தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசிக்குப் போக வேண்டும். முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொல்லி இயக்கம் கெடு வைத்த நேரம். விடத்தல்தீவுக்காரரான றசாக் நானா அப்போது அடம்பன் சந்தியில் துணிக்கடை வைத்திருந்தார். வேர்க்க விறுவிறுக்கச் சைக்கிளில் வந்தவர், இறங்கி உள்ளே வரக்கூட இல்லை. முற்றத்தில் நின்றபடியே மூடி இறுக்கிய ஒரு பால்மாத் தகர ரின்னை இராசேஸ்வரியின் கையில் திணித்தார்.

"வாப்பா சேர்த்த பழைய காசுகள் தங்கச்சி. வழியில பறிச்சுப் போடுவாங்கள். ரெண்டு மூண்டு கிழமையில வந்து எடுக்கிறன்."

அந்த இரண்டு மூன்று கிழமை இருபது வருசத்துக்குமேல் நீண்டுவிட்டது. அவர் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். இங்கே ரின் நெல்லுப் பெட்டகத்துக்குள் கிடந்தது. இரண்டாயிரத்து எட்டில் ஷெல் அடி அடம்பனை நெருங்கியபோது, இராசேஸ்வரியின் புருசன் சிவசுப்பிரமணியம் மாட்டுக்கொட்டிலின் மூலைத் தூணடியில் ஒரு குழி வெட்டி அதைப் புதைத்தார். தங்கள் சாமான்களுக்குக் குழி வெட்ட நேரம் இருக்கவில்லை. கையில் கொண்டுபோனதெல்லாம் போன வழியிலே போயிற்று. நகை, உழவு மெசின், தையல் மெசின், ஒன்றும் மிஞ்சவில்லை. செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீடும் இல்லை. மாட்டுக்கொட்டிலில் அந்த ஒரு தூண் மட்டும் கரிக்கட்டையாக நின்றது. தோண்டினால் ரின் இருந்தது! துருப்பிடித்து, அடி ஓட்டையாகி, ஆனாலும் இருந்தது.

பிறகு ஒரு தை மாதம், றசாக் நானா ஊர் பார்க்க வருகிறாராம் என்று செய்தி வந்தது. இராசேஸ்வரி ரின்னைத் திறந்தாள். உள்ளே பார்த்தவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. காசுகள் பச்சைக் களிம்பு பிடித்து, சேற்றோடு ஒட்டிக் கிடந்தன. ஒரு மனுசன் நம்பித் தந்த சாமானை இந்தக் கோலத்திலா திருப்பிக் கொடுப்பது? கிணற்றடியில் குந்திக்கொண்டாள். பழப்புளி, சாம்பல், தேங்காய்த்தும்பு. பெரிதாகவும் வடிவாகவும் இருந்ததை முதலில் எடுத்தாள். அதுதான் ராணித்தலைக் காசு. ராணியின் காதுக்குக் கீழே பொருக்காக நின்ற களிம்பு தும்புக்கு மசியவில்லை. தையல் ஊசியால் மெல்லக் கிண்டி எடுத்தாள். அந்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுந்தது. பரவாயில்லை. பத்துப் பதினொரு காசு மினுக்குவதற்குள் புளி முடிந்துபோயிற்று. புதுப் புளி வர இன்னும் மாசி மாதம் ஆகவேண்டும். மிச்சத்தைக் கடதாசியில் சுற்றி அப்படியே அடியில் போட்டாள்.

நானா வந்து, ராணித்தலையைக் கையில் எடுத்தவுடன் விம்மி அழுதுவிட்டார். "வாப்பா பெருநாளுக்குப் பெருநாள் எடுத்துக் காட்டுவார் தங்கச்சி. இதே சிவப்பு. இதே மினுக்கம்." இராசேஸ்வரிக்கு மனசு நிறைந்துபோயிற்று. 'மினுக்கியது நான்தான்' என்று சொல்ல வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவேயில்லை. சட்டி கழுவியதை யாராவது சொல்லிக் கொண்டு திரிவார்களா?

அது போன வருசத்துக் கதை.

இப்போது றசாக் நானா வாசலில் வந்து நின்றார். வெள்ளைத் தொப்பி, கக்கத்தில் ஒரு பை. விடத்தல்தீவில் தன் பழைய வளவில் சுவரை எழுப்பிவிட்டு, கூரை போட வழியில்லாமல் தனியே ஒரு கொட்டிலில் இருக்கிறார். பெண்சாதி உம்மு குல்சூம் இன்னும் புத்தளத்தில். கூரை இல்லாத வீட்டுக்கு மாரி மழையில் வந்து நனைய ஏலாது என்று சொல்லிவிட்டா. ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதந்தான் இருந்தது.

"வாங்கோ நானா, இருங்கோ" என்று இராசேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இருக்கத்தானே வந்தனான். இந்தாங்க, முதல்ல இதைப் பிடிங்க." பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து நீட்டினார். நல்ல மயில்கழுத்து நீலம்.

"இதென்ன நானா புதுப் பழக்கம்?"

"நான் துணிக்கடைக்காரன். வேற என்னத்தைத் தாற? இந்தக் காசு உங்கட வீட்டுலதான் கிடந்தது, உங்கட வீட்டுல வெச்சுத்தான் கைமாறவும் வேணும் எண்டு நேந்துகொண்டேன்."

சிவசுப்பிரமணியம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயல் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார். சற்று நேரத்தில் பஸ் நின்ற சத்தம் கேட்டது. வந்தவன் பார்த்தீபன். நானாட்டான் பிரதேச செயலகத்தில் கிளாக். முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதிருக்கும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து காசு சேர்க்கிறவன். பத்தாம் வகுப்பில் கொப்பித் தாள்களில் ஒட்டிச் சேர்த்த காசெல்லாம் இடம்பெயர்வில் தொலைந்துபோக, திரும்பப் பூச்சியத்திலிருந்து தொடங்கினவனாம்.

"மோட்டச்சைக்கிள் எங்க தம்பி?" என்று சிவசுப்பிரமணியம் கேட்டார்.

"அது இந்தப் பொக்கற்றுக்குள்ள கிடக்கு ஐயா" என்று அவன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். உயிலங்குளத்தில் இறங்கி மாறி ஏறி வந்திருக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

றசாக் நானா ஒரு துவாயை விரித்து, உள்ளே இருந்ததை மேசையில் வைத்தார். உள்ளங்கையளவு கடினமான கண்ணாடிப் பிளாஸ்டிக் பெட்டி. நான்கு பக்கமும் ஒட்டி மூடியிருந்தது. நடுவில் ராணித்தலை. மேலே மினுங்குகிற ஒரு துண்டு, அதில் எழுத்தும் இலக்கமும். இராசேஸ்வரி எட்டிப் பார்த்தாள். தன் கையால் மினுக்கிய காசு சாமிப்படம் மாதிரிச் சட்டம் போட்டு வந்திருப்பதைக் கண்டு அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது.

"இதுக்குள்ள ஏன் நானா வைச்சுப் பூட்டினவை?"

"தரம் போடுற கொம்பனி தங்கச்சி. கொழும்புல இரிக்கி. காசைக் குடுத்தா, பாத்து, எழுவதுக்கு எத்தினை எண்டு மாக்ஸ் போட்டு, இப்பிடி மூடித் தருவாங்கள். பிறகு ஆரும் காசை மாத்தேலாது."

"எங்கட காசுக்கு எத்தினை?"

"அறுவத்தேழு!" என்றான் பார்த்தீபன். அவன் கண் இன்னும் பெட்டியை விட்டு எழும்பவில்லை. "அன்ரி, நூத்தி நாப்பது வருசத்துச் செம்புக்கு அறுவத்தேழு எண்டா கனவிலயும் கிடையாது. அச்சடிச்ச அண்டைக்கு இருந்தமாதிரியே இருக்கு எண்டு அர்த்தம்."

"இவர் பள்ளிக்கூடத்தில கணக்குப் பாடத்துக்கு நூத்துக்கு இருவதுகூட எடுக்கேல்லை" என்றாள் இராசேஸ்வரி புருசனைக் காட்டி.

"அப்ப என்னையும் ஒரு பெட்டிக்குள்ள போட்டு ஒட்டிவிடு" என்றார் அவர்.

பார்த்தீபன் பெட்டியோடு வந்த அத்தாட்சிப் பத்திரத்தை விரித்தான். அது இங்கிலீசில் இருந்தது. அவன் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னான். "மேற்பரப்பு இயற்கையானது. முதல் நிறம் மாறவில்லை. ஒருபோதும் கழுவப்படவோ மினுக்கப்படவோ இல்லை."

இராசேஸ்வரியின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"அதென்ன தம்பி, கழுவினா என்ன?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஐயோ அன்ரி! கழுவின காசைச் சேர்க்கிற ஆக்கள் தொடவும் மாட்டினம். கழுவினா மேல்தோல் போயிடும். பிறகு அது திரும்பி வராது. கழுவினதெண்டா இந்தக் காசுக்கு இந்தச் சட்டைப்பையில இருக்கிறதில இருவதில ஒரு பங்கும் வராது."

"அதைத்தானே அந்தப் புறக்கோட்டைக்காரன் சொன்னவன்" என்று றசாக் நானா கதையைத் தொடங்கினார். "முதல்ல இதைக் கொழும்புப் புறக்கோட்டையில நடைபாதையில காசு விக்கிற ஒரு வயசாளிட்டக் காட்டினேன். கையில எடுத்து ஒரு பக்கமாச் சரிச்சுப் பாத்தான். 'கழுவின காசு, வேணாம்' எண்டு திருப்பித் தந்துட்டான். எனக்கு வந்துதே கோவம்! 'டேய், எங்கட வாப்பா கழுவ இல்ல. நான் கழுவ இல்ல. அடம்பனில ஒரு குடும்பம், தங்கட சொத்தெல்லாம் போகவிட்டுட்டு, என்ட ரின்னைக் குழி வெட்டித் தாட்டு வெச்சுத் தந்தது. ஒரு தூசி குறையாம அப்படியே தந்தது. அவங்கட நேர்மையிலயா கை வைக்கிற?' எண்டு சந்தை கூடக் கத்திப்போட்டேன். பிறகுதான் ஒரு பெடியன் இந்தக் கொம்பனியைக் காட்டினான். பாத்தீங்களா, என்ன எழுதி வந்திருக்கு? கழுவ இல்ல! இது காசுக்கு மட்டும் சேர்ட்டிபிகேட் இல்ல தங்கச்சி. உங்கட வீட்டுக்கும் சேத்துத்தான். புத்தளத்தில பாக்கிற ஆக்களுக்கெல்லாம் இதை விரிச்சுக் காட்டினேன்."

"தேத்தண்ணி கொதிக்குது" என்று சொல்லிவிட்டு இராசேஸ்வரி எழும்பிக் குசினிக்குள் போனாள். தேத்தண்ணி அடுப்பில் வைக்கவேயில்லை.

பின்னாலேயே சிவசுப்பிரமணியம் வந்துவிட்டார். அவருக்கும் விளங்கியிருந்தது. அன்றைக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளி ஊற்றியது அவர்தானே.

"இஞ்சேருங்கோ, நான் போய்ச் சொல்லப் போறன்."

"என்னத்தை?"

"நான் மினுக்கினதை."

"சத்தம் போடாதை. கொம்பனியில படிச்ச ஆக்கள் மெசின் வைச்சுப் பாத்து, கழுவேல்லை எண்டு எழுதிப் போட்டாங்கள். அப்ப கழுவேல்லைத்தான்."

"அப்ப நான் அண்டைக்குக் கிணத்தடியில இருந்து என்ன செய்தனான்? கூழ் காய்ச்சினனானே?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு முகம் மாறியது. "இராசு, அந்த மனுசன்ர நிலையை யோசிச்சுப் பார். கூரை போட்டாத்தான் பெண்சாதி வரும். நீ உதைச் சொன்னியெண்டா இந்த மாரிக்கும் அந்தாள் தனியத்தான் நனையும்."

"அந்தப் பெடியன்? மோட்டச்சைக்கிளை வித்துப்போட்டு பஸ்ஸில தொங்கிக்கொண்டு வந்திருக்கு."

"அது அவன்ர விசர். நாங்களே விக்கச் சொன்னனாங்கள்?"

கூரையும் மோட்டார் சைக்கிளும் அவள் நெஞ்சில் இருந்தனதான். ஆனால் முள்ளாகக் குத்தியது வேறு. 'ஒரு தூசி குறையாமல் அப்படியே தந்தது' என்று நானா சொன்ன வார்த்தை. போரில் அவளிடமிருந்து போகாமல் நின்றது இந்த ஒரு பெயர்தான். வேறென்ன இருக்கிறது அவளிடம்? நகை போயிற்று, காணியில் பாதி பற்றைக்காடு. 'இராசேஸ்வரி வீட்டில் வைத்தால் வைத்தது வைத்தபடி இருக்கும்' என்று ஒரு மனுசன் புத்தளம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவள் வாயைத் திறந்தால் அதுவும் போகும். திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கொம்பனியே கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறது.

அதுதான் அவளை உறுத்தியது. தெரிந்த தன்னுடைய வாய் மூடியிருக்க, ஒன்றும் தெரியாத எவனோ ஒருவன் தன் வீட்டுக்கு நற்சான்று எழுதியிருக்கிறான். பொய்யான நற்சான்று!

மூலையில் இருந்த செம்பைத் தூக்கினாள். தண்ணீர் நிரப்பவில்லை. வெறும் செம்போடு வெளியே வந்தாள். வெளியே பார்த்தீபன் சட்டைப்பையிலிருந்து கடித உறையை எடுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அதைக் கொஞ்சம் வையும். நானா, அந்தப் பெட்டியை இந்தச் செம்புக்குப் பக்கத்தில வையுங்கோ."

"ஏன் தங்கச்சி?"

"வையுங்கோவன்."

வைத்தார். வாசல் வழியாக வெயில் மேசையில் விழுந்துகொண்டிருந்தது. செம்பும் காசும் ஒரே நிறத்தில் மினுங்கின. செம்மையுமில்லாத, மஞ்சளுமில்லாத, உரித்த தோல் மாதிரி ஒரு இளஞ்சிவப்பு.

"இந்தச் செம்பு இண்டைக்குக் காலமை மினுக்கினது" என்றாள் இராசேஸ்வரி. "அந்தக் காசு போன வருசம் தை மாதம் மினுக்கினது. ரெண்டும் பழப்புளி, ரெண்டும் சாம்பல், ரெண்டும் என்ர கைதான் நானா. ராணியின்ர காதுக்குக் கீழ ஒரு கோடு இருக்கும், பாருங்கோ. ஊசியால களிம்பு எடுக்கேக்க விழுந்தது."

வெளியில் சிவசுப்பிரமணியத்தின் பசு ஒருதரம் கத்தி ஓய்ந்தது. பார்த்தீபன் பெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்து வெயிலுக்குப் போனான். பூதக்கண்ணாடியைப் பிடித்து, புறக்கோட்டை வயசாளி செய்தமாதிரி ஒரு பக்கமாகச் சரித்துப் பார்த்தான். அப்படிச் சரிக்கும்போதுதான் தெரிந்தது. ராணியின் கன்னமெல்லாம் வட்டம் வட்டமாக நுணுக்கமான கீறல்கள், தும்பு சுழன்ற தடம்.

திரும்பி வந்தவனின் முகம் வெளிறியிருந்தது. "கோடு இருக்கு. நான் வந்தவுடனயே கண்டனான் அன்ரி. கண்டுபோட்டு, அறுவத்தேழு எண்டு போட்டிருக்கே, அப்ப அச்சிலயே விழுந்த கோடாக்கும் எண்டு நானே எனக்குச் சொல்லிக்கொண்டன்." கதிரையில் தொப்பென்று இருந்தான். "காசை நான் பாக்கேல்லை. இலக்கத்தைத்தான் பாத்தனான்."

றசாக் நானா இராசேஸ்வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் தங்கச்சி கழுவினீங்க?"

"உங்களுக்குத் தாறதுக்குத்தான் நானா. அழுக்கோட எப்பிடித் தாறது?" சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "கழுவினா வீண் எண்டு எனக்குத் தெரியாது. எங்கட வீட்டில வைச்சது அப்படியே இருக்கேல்லை. நீங்கள் இனி அப்பிடிச் சொல்லித் திரியாதேங்கோ."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். நரைத்த தலையைத் தடவினார். கோபமா, துக்கமா, இராசேஸ்வரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அவர் கேட்டது வேறொரு கேள்வி. அதுவும் பார்த்தீபனிடம்.

"தம்பி, கொம்பனிக்காரன் காசைப் பாத்தானா, பாக்கலியா?"

"ஏன் ஐயா?"

"குடுக்கக்க ஒரு படிவம் நிரப்பினோம். அதில ஒரு கட்டம், எதிர்பாக்கிற தரம் எண்டு. அதுல என்ன போடுற எண்டு கேட்டேன். கொம்பனியைக் காட்டின பெடியன் சொன்னான், அறுவத்தஞ்சு போட்டா ஒரு கட்டணம், அறுவத்தேழு போட்டா அதைவிடக் கூட எண்டு. நான் கூடின கட்டணத்தைக் கட்டினேன். நல்ல பரிசோதனைக்குத்தான் கூடக் கேக்கிறாங்கள் எண்டு நினைச்சேன்."

பார்த்தீபன் சிரித்தான். அழுகிற சிரிப்பு. "கேட்டதைத் தந்திருக்கிறாங்கள் ஐயா. கடையில சீனி வாங்கிறமாதிரி. நல்ல கொம்பனிகளும் இருக்கு. வெளிநாட்டில சிலது, தரம் பிழைச்சா நட்டத்தைத் தாங்களே தரும். இவங்கட கடதாசியில அப்பிடி ஒரு வரி இருக்கா எண்டு தேடிப் பாக்கக்கூட இல்லை நான். என்னட்ட இவங்கட பெட்டி ஏழு கிடக்கு."

"ஏழா!" என்றார் சிவசுப்பிரமணியம்.

"ஏழு. ஒண்டு இப்ப கையிலயும் இருக்கு, ஒப்பிட்டுப் பாக்கக் கொண்டுவந்தனான்." பையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்தான். உள்ளே சின்னதாக ஒரு செப்புக்காசு, அரைச் சதம். மேலே அறுபத்தாறு என்று இலக்கம். தயங்கித் தயங்கி இராசேஸ்வரியிடம் நீட்டினான். "அன்ரி, நீங்கள் ஒருக்கால் பாருங்கோவன்."

"நான் என்னத்தைப் பாக்கிறது? நான் என்ன கொம்பனியே?"

"மினுக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தாள். வாழ்க்கையில் எத்தனை குத்துவிளக்கு, எத்தனை தாம்பாளம். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "இது புளி இல்லை" என்றாள்.

பார்த்தீபனின் முகம் மலர்ந்தது. "கழுவேல்லையோ?"

"கழுவியிருக்கு. தேசிக்காய். தேசிக்காய்ச் சாறும் உப்பும். வடிவாத் தண்ணியில அலசேல்லை, இந்த எழுத்துகளுக்குள்ள வெள்ளையாப் பூத்து நிக்குது பாரும். ஆரோ சோம்பேறி செய்த வேலை. நானெண்டா இப்பிடி விடமாட்டன்."

முதலில் சிரித்தது றசாக் நானாதான். வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார். பார்த்தீபன் தலையில் கைவைத்துக்கொண்டே சிரித்தான். இராசேஸ்வரிக்கு மட்டும் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் உதடு துடித்தது.

"தங்கச்சி," என்றார் நானா, சிரிப்பு அடங்கிய பிறகு, "கொழும்புல படிச்சவன் மெசின் வெச்சுப் பாத்துச் சொல்லாததை நீங்க செம்பை வெச்சுச் சொல்லிட்டீங்க. சொல்லாம விட்டிருந்தா இந்தப் புள்ளையும் ஏமாந்திருக்கும், நானும் கூரையைப் போட்டுக்கொண்டு அதுக்குக் கீழ படுத்திருப்பேன். ஒண்டும் தெரியாமத்தான். ஆனா அது களவுக் கூரை." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தப் புறக்கோட்டை வயசாளிட்ட ஒருக்காப் போகவேணும். பாவம், உண்மையைச் சொன்ன மனுசனைக் கள்ளன் எண்டு ஏசிப்போட்டேன்."

"உங்களுக்குக் கோவமில்லையோ நானா?"

"இரிக்கி. வாப்பாட காசு. ஏன் இல்ல?" ஒளிக்காமல் சொன்னார். "ஆனா நான் தந்தது ஒரு ரின். எனக்குத் திரும்பி வந்ததும் ஒரு ரின். அதுக்கு ஆரும் சேர்ட்டிபிகேட் எழுதத் தேவையில்லை. நான்தான் விசரன் மாதிரி அந்தக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சேன்."

நானா, சிவசுப்பிரமணியத்தின் வெற்றிலைத் தட்டில் கிடந்த பாக்குவெட்டியை எடுத்து, பெட்டியின் ஓரத்தை அதன் வாய்க்குள் கொடுத்து ஒரு நெரி நெரித்தார். பிளாஸ்டிக் டொக்கென்று வெடித்தது. காசு மேசையில் விழுந்து, சுழன்று, செம்பில் முட்டி நின்றது. இலக்கம் போட்ட துண்டைச் சிவசுப்பிரமணியம் எடுத்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, "இராசு, இப்ப நான் பாஸ்" என்றார்.

பார்த்தீபன் கடித உறையைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தான். எழும்பப் போனவன், "ரின்னுக்குள்ள வேற ஒண்டும் இல்லையோ ஐயா?" என்று கேட்டான்.

"மினுக்கின சின்னக் காசுகளும் கறுப்புச் சல்லிகள் கொஞ்சமும் கிடக்கு. வடிவானதைத்தானே கொம்பனிக்குக் குடுத்தேன். மிச்சம் ஒண்டுக்கும் உதவாது." பையிலிருந்து ரின்னை எடுத்துக் கடதாசியை அவிழ்த்தார்.

பார்த்தீபன் குனிந்தான். பிறகு அப்படியே நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துவிட்டான். ஒவ்வொன்றாக விளிம்பில் பிடித்துத் தூக்கினான். வெயிலில் சரித்தான், வைத்தான், அடுத்ததை எடுத்தான். இம்முறை வாசிப்பதற்கு இலக்கம் எதுவும் இருக்கவில்லை, பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை.

"அன்ரி, இதுகளை ஏன் நீங்கள் மினுக்கேல்லை?"

"மினுக்கத்தான் இருந்தனான். புளி முடிஞ்சுபோச்சு."

"கடவுளே" என்றான் அவன். "நல்லகாலம் முடிஞ்சுது!"

ஐந்து காசைத் தனியே எடுத்து வைத்தான். கால் சதம் மூன்று, அரைச் சதம் ஒன்று, ஒல்லாந்தர் காலத்துச் சல்லி ஒன்று. களிம்பு கொஞ்சம் உண்டு, ஆனால் அதற்கடியில் தோல் அப்படியே இருக்கிறது என்றான். அவன் சொன்ன விலை ராணித்தலைக்குச் சொன்னதின் பக்கத்தில்கூட வராது. "பெட்டி வேண்டாம் ஐயா. நீங்கள் ஒரு துண்டில எழுதித் தாங்கோ, உங்கட வாப்பாட பேரும், இது கிடந்த இடமும். அது காணும் எனக்கு." நானா கொஞ்சம் கூட்டிக் கேட்டார், அவன் கொஞ்சம் குறைத்தான், துணிக்கடைக்காரனோடு பேரம் பேசி வெல்ல அவனால் முடியவில்லை. கடைசியில் ஒரு அறைக்குத் தகரம் போடுகிற அளவுக்குத் தீர்ந்தது. நானா அந்த இடத்திலேயே புத்தளத்துக்கு ரெலிபோன் எடுத்தார்.

"ஒரு அறைக்குத்தான் கூரை வருது. வாறியா?" என்று கேட்டுவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார். மறுபக்கத்துக் குரல் நெடுநேரம் ஓயவில்லை. போனை வைத்தபோது முகத்தில் பாதிச் சிரிப்பு. "ஏசுறா. அறுவத்தேழு அறுவத்தேழு எண்டு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சியே எண்டு ஏசுறா. ஏசி முடிச்சுட்டு, அந்த அறையில அலுமாரி வைக்க இடம் வருமா எண்டு கேக்கிறா."

"அப்ப வாறா" என்றாள் இராசேஸ்வரி.

"வாறா."

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பார்த்தீபனின் பஸ் வருகிற நேரமாயிற்று. நானாவும் புறப்பட்டார். செருப்பைப் போட்டவர், என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார். ராணித்தலையையும் மிச்சச் சல்லிகளையும் அந்தப் பழைய ரின்னுக்குள் போட்டு மூடி, இராசேஸ்வரியிடம் நீட்டினார்.

"கூரை போட்டு முடியிறவரைக்கும் இது இங்கயே இரிக்கட்டும் தங்கச்சி. கொட்டிலில வைக்க எனக்குப் பயம்."

இராசேஸ்வரி ரின்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள்.

படலையைத் தாண்டிப் போய்விட்ட பார்த்தீபன் அங்கேயிருந்து திரும்பிக் கத்தினான்: "அன்ரி, கழுவிப்போடாதேங்கோ!"

"போம் தம்பி, பஸ் போயிடும்!" என்று இவளும் கத்தினாள்.

பிறகு உள்ளே வந்து, புதுச் சேலையின் ஓரத்தில் ரின்னைச் சுற்றி, கதிரை போட்டு ஏறி, படுக்கிற அறை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். குசினிப் பக்கம் அதைக் கொண்டுபோகவேயில்லை. அங்கே இந்த வருசம் பழப்புளி ஒரு பானை நிறையக் கிடந்தது.